பொறியும் கம்பியும்

பழைய மோட்டார் காரின் முன்மூடியைத் திறந்து பார்த்தவர்கள் அறிவார்கள்: எஞ்சினைச் சுற்றிலும் பல நிறக் கம்பிகள் கொடிகளைப்போல் படர்ந்து ஓடும். விளக்குக்கு ஒன்று, ஹாரனுக்கு ஒன்று, பெட்ரோல் அளவு காட்டும் முள்ளுக்கு ஒன்று எனப் பிரிந்து செல்லும் அவை, ஓரிடத்தில் ஒன்றுசேர்ந்து, துணி நாடாவால் சுற்றப்பட்டு ஒரே கற்றையாகிவிடும். இக்கற்றைக்கு ஆங்கிலத்தில் 'ஹார்னஸ்' என்று பெயர். குதிரைக்குப் பூட்டும் வார்களுக்கும் சேணத்துக்கும் வழங்கிய சொல் அது. குதிரை போயிற்று, சொல் போகவில்லை. நம்மவர் பட்டறைகளில் இதனையே 'வயரிங்' என்று சுருக்கமாகச் சொல்லுகிறார்கள்.

இந்தக் கற்றை முழுவதையும் கழற்றி எடுத்துவிட்டால் எஞ்சின் ஓடுமா? ஓடும் என்பதே விடை. அதுவும், ஒரு பாட்டரியும் நாலைந்து துண்டுக் கம்பிகளும் இருந்தால் போதும். பழைய வண்டியைச் சீர்செய்ய முற்படும் மெக்கானிக்குகள் முதன்முதலில் செய்து பார்ப்பது இந்தச் சோதனையைத்தான். பார்வைக்கு இது பட்டறையின் கைவேலை. ஆனால் மோட்டார் வண்டியின் நூறாண்டு வரலாறு இதற்குள் அடங்கிக் கிடக்கிறது. அவ்வரலாற்றை இங்கே சற்று விரித்துப் பார்ப்போம்.

பெட்ரோல் எஞ்சின் உயிர்பெற வேண்டியவை நான்கு: காற்றோடு கலந்த எரிபொருள், அதை அமுக்கும் அழுத்தம், தக்க கணத்தில் அதைக் கொளுத்தும் பொறி, இவை மூன்றும் நிகழ்வதற்கு முதலில் யாரேனும் எஞ்சினைச் சுழற்றிவிடும் ஒரு சுற்று. இந்நான்கனுள் முதலிரண்டும் இரும்பின் வேலை. பின்னிரண்டில்தான் மின்சாரம் வந்து கலந்தது. அதுவும் ஒரே நாளில் வந்துவிடவில்லை.

முதலில் பொறியின் கதை. 1860-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் லெனுவார் என்பவர் இயற்றிய வாயு எஞ்சினில், பாட்டரியும் தூண்டுசுருளும் சேர்ந்து மின்பொறியைத் தந்தன. ஆயினும் அன்றைய பாட்டரிகள் விரைவில் வலுவிழந்தன. ஆகவே ஜெர்மனியில் டைம்லர், மின்சாரத்தையே ஒதுக்கிவிட்டு, சிறு விளக்கின் சுடரால் சிவக்கக் காய்ச்சிய குழாயைக்கொண்டு எரிபொருளைக் கொளுத்தினார். கம்பி ஒன்றுகூட வேண்டாத எஞ்சின் அது. ஆனால் பெட்ரோலுக்குப் பக்கத்தில் எப்போதும் திறந்த சுடரொன்று எரிந்துகொண்டிருப்பது எத்தகைய ஆபத்து என்பதை விளக்க வேண்டுவதில்லை.

அதே நாட்டில் கார்ல் பென்ஸ் மின்பொறியையே நம்பினார். 1888-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அவர் மனைவி பெர்த்தா பென்ஸ், கணவரிடம் சொல்லாமலே, மகன்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு, மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வண்டியை ஓட்டிச் சென்றார். மோட்டார் வண்டியில் நிகழ்ந்த முதல் நெடும்பயணம் என்று உலகம் போற்றுவது இதனையே. வழியில் பெட்ரோல் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பியின் ஊசியால் அவர் அடைப்பை நீக்கினார். பொறிக்குச் செல்லும் கம்பியின் உறை தேய்ந்துவிட்டபோது, தம் காலுறையைப் பிடித்திருந்த பட்டியைக் கழற்றிக் கம்பிக்குக் காப்பாகச் சுற்றினார் என்பர். ஆக, மோட்டார் வயரிங்கை வழியிலேயே பழுதுபார்த்த முதல் மெக்கானிக் ஒரு பெண்மணி எனலாம்.

பாட்டரியை நம்பமுடியாத குறையைத் தீர்த்துவைத்தது மாக்னட்டோ என்னும் கருவி. காந்தத்தின் நடுவே கம்பிச்சுருள் அசையும்போது மின்சாரம் பிறக்கிறது. எஞ்சினே அதை அசைத்துக்கொள்ளுகிறது. எனவே பாட்டரி வேண்டாம். ஸ்டட்கார்ட் நகரில் சிறு பட்டறை வைத்திருந்த ராபர்ட் பாஷ் 1887-இல் நிலையான எஞ்சின்களுக்கு இதைச் செய்துகொடுத்தார். 1897-இல் மூன்று சக்கர மோட்டார் வண்டி ஒன்றில் பொருத்தினார். 1902-இல் அவருடைய பொறியாளர் ஹொனோல்ட், மிகை அழுத்த மாக்னட்டோவையும் அதற்கேற்ற பொறிபிளக்கையும் உருவாக்கினார். இதன்பின் வேகமாகச் சுழலும் எஞ்சின்களுக்கும் தவறாமல் பொறி கிடைத்தது. 1908-இல் வெளிவந்த ஃபோர்டு 'டி' மாடல் காரின் சுழற்சக்கரத்திலேயே 16 காந்தங்கள் பதிக்கப்பட்டிருந்தன. அக்காரின் தொடக்க ஆண்டுகளில், வண்டியை ஓட்டுவதற்குப் பாட்டரி கட்டாயமாக இருக்கவில்லை.

இனி முதற் சுற்றின் கதை. மாக்னட்டோ பொறியைத் தந்தது; ஆனால் முதற் சுற்றை மனிதனின் தோள்தான் தரவேண்டியிருந்தது. வண்டியின் முன்புறம் இரும்பு ஹாண்டிலைச் செருகிச் சுற்றுவது வழக்கம். 1920-இல் ஜி. டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்குமிடையே தம் பஸ்ஸை ஓட்டத் தொடங்கினார். தமிழ்நாட்டுச் சாலைகளில் பஸ்கள் பெருகத் தொடங்கிய அந்தக் காலத்தில், விடியற்காலையில் ஹாண்டில் அடித்து எஞ்சினை எழுப்புவது கிளீனரின் முதல் வேலையாக இருந்தது.

அவ்வேலையில் ஆபத்து இருந்தது. பொறி ஒரு கணம் முந்திவிட்டால் எஞ்சின் பின்னோக்கி உதைக்கும். ஹாண்டிலைப் பிடித்த கை ஒடியும். ஆதலால், கட்டைவிரலை மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துக்கொள்ள வேண்டும், ஹாண்டிலைக் கீழே அழுத்தாமல் மேல்நோக்கி இழுக்க வேண்டும், பொறியின் நேரத்தை முன்கூட்டியே தாமதப்படுத்திவைக்க வேண்டும் என்னும் விதிகள் குருகுல முறையில் கற்பிக்கப்பட்டன. எழுத்தறியாத சிறுவனும் இவ்விதிகளை அறிந்திருந்தான்; அறியாதவனுக்கு மணிக்கட்டு கற்றுக்கொடுத்தது.

அமெரிக்காவில் நண்பர் ஒருவர் இத்தகைய உதைப்பில் அடிபட்டு இறந்ததுதான் காடிலாக் கம்பெனியின் தலைவர் லேலண்டின் மனத்தை உறுத்தியது என்று ஒரு செய்தி வழங்குகிறது. எவ்வாறாயினும், ஹாண்டிலை ஒழிக்கும் பணி சார்லஸ் கெட்டரிங் என்பவரிடம் வந்தது. அவர் முன்பு கடைகளின் காசுப்பெட்டி இயந்திரத்துக்கு மின்மோட்டார் அமைத்தவர். காசுப்பெட்டியைத் திறக்கும் மோட்டார் நாள் முழுதும் உழைக்க வேண்டியதில்லை. சில நொடிகள் பெருவலிமை காட்டினால் போதும். எஞ்சினின் முதற் சுற்றுக்கும் அதே கணக்குத்தான் என்பதை அவர் கண்டார். 1912-ஆம் ஆண்டின் காடிலாக் கார்கள் செல்ஃப் ஸ்டார்ட்டருடன் வெளிவந்தன. 'செல்ஃப் எடுக்கவில்லை' என்று இன்றும் நாம் சொல்லும் தொடரின் பிறப்பு அங்கேதான்.

இங்கிருந்துதான் கம்பிகள் பெருகுகின்றன. செல்ஃபுக்குப் பெரிய பாட்டரி வேண்டும். பாட்டரியை நிரப்ப டைனமோ வேண்டும். டைனமோவை அடக்கி ஆளக் கட்-அவுட் வேண்டும். இவ்வளவும் வந்தபின் எண்ணெய் விளக்கு எதற்கு? மின்விளக்கு வந்தது. ஊதுகுழல் எதற்கு? மின்சார ஹாரன் வந்தது. பாட்டரி எப்படியும் இருக்கிறதே, மாக்னட்டோவுக்கு ஏன் தனிச் செலவு? காயில் வந்தது. ஒவ்வொரு வசதியும் தன்னோடு இரண்டு கம்பிகளை இழுத்துவந்தது. வண்டியின் இரும்பு உடலையே திரும்பும் வழியாகக் கொண்டு, கம்பிகளைப் பாதியாகக் குறைத்தார்கள். அப்படியும் கற்றை பருத்தது. பருத்த கற்றையில் எது எதுவென்று அறிய, பிரிட்டிஷ் கார்களில் நிறங்களை வகுத்தார்கள்: பாட்டரியிலிருந்து வரும் முதன்மைக் கம்பி பழுப்பு, பொறிக்குச் செல்வது வெள்ளை, காயிலிலிருந்து டிஸ்டிரிபியூட்டருக்குப் போவது வெள்ளையில் கறுப்புக் கோடு, முகவிளக்குக்கு நீலம், பக்க விளக்குக்கும் பின்விளக்குக்கும் சிவப்பு, எர்த்துக்குக் கறுப்பு.

இந்தக் கம்பிகளின் வரலாற்றில் தென்னாட்டுக்கும் பங்குண்டு. பிரிட்டனின் லூக்காஸ் கம்பெனியும் டி. வி. சுந்தரம் ஐயங்கார் நிறுவனமும் சேர்ந்து 1961-இல் தொடங்கிய லூக்காஸ்-டி.வி.எஸ்., சென்னையை அடுத்த பாடியில் செல்ஃப் ஸ்டார்ட்டர்களையும் மின்னாக்கிகளையும் செய்தது. பெங்களூரில் வாழும் நேயர்களுக்கோ இவ்வரலாறு இன்னும் நெருக்கமானது. குழந்தை இயேசு ஆலயத்தால் பெயர்பெற்ற நம் விவேக் நகருக்கு அண்மையில் உள்ளது ஆடுகோடி. முன்னே சொன்ன பாஷ் கம்பெனியின் இந்தியக் கிளையாக 1951-இல் பிறந்த மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி, அங்கேதான் தன் தொழிற்சாலையை அமைத்தது. 'மைக்கோ' என்னும் பெயரைப் பெங்களூரில் அறியாதார் இலர். பிழைப்புத் தேடி வந்த தமிழர் பலர் வாழும் இந்த வட்டாரத்தில், மைக்கோவின் சங்கொலியைக் கேட்டு நேரம் அறிந்த தலைமுறை ஒன்று உண்டு. அங்கே உருவான பிளக்குகள் நாடெங்கும் எஞ்சின்களில் பொறி எழுப்பின. பொறியே வேண்டாத டீசல் எஞ்சினுக்கு உரிய பம்புகளும் அங்கேயே உருவாயின.

இப்போது சோதனைக்கு வருவோம். விவேக் நகரின் சந்து ஒன்றில் ஒரு பட்டறையில் நான் இதனைக் கண்டேன். வேலூர்ப் பக்கத்திலிருந்து இளமையிலேயே வந்துவிட்ட மெக்கானிக் ஒருவரிடம், பழைய பெட்ரோல் அம்பாஸடர் ஒன்று வந்திருந்தது. தகப்பனாரின் காலத்து வண்டி. பல ஆண்டுகள் கொட்டகையில் நின்றதால் எலிகள் வயரிங்கை முழுவதும் கடித்துவிட்டிருந்தன. வைத்துக்கொள்வதா, எடைக்குப் போடுவதா என்று உடையவருக்கு ஒரே குழப்பம்.

"வயரிங் மாத்த எவ்வளவு ஆகும், அண்ணே?" என்று அவர் கேட்டார்.

"அதை அப்புறம் பார்ப்போம், சார். முதல்ல எஞ்சினுக்கு உசிரு இருக்கான்னு பார்ப்போம்" என்றார் மெக்கானிக்.

அவ்விடையில் ஓர் ஒழுங்கு இருந்தது. எஞ்சின் செத்திருந்தால் வயரிங்குக்குச் செலவிடும் பணம் வீண். எஞ்சின் உயிரோடிருந்தால் வயரிங் ஒரு பெரிய தடையே ஆகாது. அரைமணி நேரச் சோதனை ஒரு குடும்பத்தின் முடிவைத் தீர்மானிக்கிறது.

அவர் செய்த முறையைச் சொல்லுகிறேன். முதலில் கியரை நியூட்ரலில் வைத்து, சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்தார். எண்ணெயும் தண்ணீரும் பார்த்தார். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் சில சொட்டு எண்ணெய் விட்டு, எஞ்சினைக் கையால் சுற்றிப் பார்த்தார். அது இறுகிப் பிடித்துக்கொள்ளவில்லை என்று உறுதியான பிறகே பாட்டரியைத் தொட்டார். தடித்த கம்பி ஒன்று பாட்டரியிலிருந்து எஞ்சினின் உடலுக்குச் சென்றது, இது எர்த். எஞ்சின் ரப்பர்த் தாங்கிகளின்மீது அமர்ந்திருப்பதால், இக்கம்பி இல்லையேல் செல்ஃபின் பெருமின்னோட்டம் ஆக்ஸிலரேட்டர்க் கம்பி வழியாகவோ சோக் கம்பி வழியாகவோ திரும்ப முயன்று அதைச் சிவக்கக் காய்ச்சிவிடும். இன்னொரு தடித்த கம்பி சாலினாய்டு வழியாகச் செல்ஃபுக்கு. மெல்லிய கம்பி ஒன்று, ஒரு ஃபியூஸும் சுவிட்சும் இடையிட்டு, காயிலுக்கு. காயிலிலிருந்து டிஸ்டிரிபியூட்டருக்கு ஒன்று. ஓர் அழுத்து பொத்தானிலிருந்து சாலினாய்டுக்கு ஒன்று. இவ்வளவே! நிறங்கள் அத்தனையிலும் பழுப்பு, வெள்ளை, கறுப்பு ஆகியவற்றின் வேலை மட்டும் எஞ்சியது. நீலமும் சிவப்பும் மனிதனுக்கு வேண்டியவை. எஞ்சினுக்கு அவை தேவையில்லை.

சில பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் பாட்டரியின் பாசிட்டிவ் முனையே எர்த்தாக இருக்கும். அதை முதலிலேயே பார்த்துக்கொள்வது முறை. எஞ்சின் நிற்கும்போது காயிலுக்கு மின்சாரத்தை நீளவிட்டால் காயில் காய்ந்து கெடும். பெட்ரோல் கசிவு இருக்கலாகாது; தீயணைக்க மணல்வாளி அருகில் இருக்க வேண்டும்; புகை வெளியேறத் திறந்த இடம் வேண்டும்.

எல்லாம் முடிந்து பொத்தானை அழுத்துமுன், அவர் தம் உதவிப் பையனிடம் கேட்டார்: "தம்பி, எஞ்சின் கட்டுமீறி ஓடினா எதைப் புடுங்குவே?" பையன் காயிலுக்குச் செல்லும் கம்பியைத் தொட்டுக் காட்டினான். சாவி இல்லாத வண்டியைக் கிளப்புகிறவன், நிறுத்தும் வழியை முதலில் அறிந்திருக்க வேண்டும். ஹாண்டில் காலத்துக் கட்டைவிரல் விதியைப் போன்றதே இதுவும். கருவிகள் மாறின; எச்சரிக்கை மாறவில்லை.

பொத்தானை அழுத்தியதும் செல்ஃப் முனகியது. எஞ்சின் இருமுறை தும்மியது. மூன்றாம் முறை பிடித்துக்கொண்டது. நீலப்புகை பரவியது. டைனமோ இணைக்கப்படாததால் பாட்டரி மட்டுமே பொறிக்கு உணவளித்தது. சிறிது நேர ஓட்டத்துக்கு அது போதும். எண்ணெய் அழுத்தத்தையும் எஞ்சின் தட்டும் ஒலியையும் கவனித்தபின், மெக்கானிக் கம்பியை எடுத்தார். எஞ்சின் அடங்கியது. உடையவர் அதன் பின்னரே புது வயரிங்கின் விலையைக் குறித்துக்கொண்டார்.

பழைய வண்டிகளைப் பற்றிய சட்டங்கள் இப்போது இறுகிவருவதால் இம்முடிவுக்கு முன்னினும் கனம் மிகுதி. தகுதிச் சோதனையில் தேறாத, 20 ஆண்டுகளுக்கு மேற்பட்ட சொந்த வாகனங்களின் பதிவை நீக்க வழிசெய்யும் கொள்கை 2021 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில், 50 ஆண்டுகளுக்கு மேற்பட்டு, பெரிய மாற்றத்துக்கு உள்ளாகாத வாகனங்களை மரபு வாகனங்களாகப் பதிவுசெய்யவும் விதிகள் வந்தன. ஒரு பக்கம் எடைக்கல். மறுபக்கம் மரபுச் சின்னம். இரண்டுக்கும் நடுவே நிற்கும் வண்டியின் தலைவிதியைச் சொல்லக்கூடியவர், அந்த எஞ்சினின் குரலை அறிந்தவரே. சிவாஜி நகர்க் குஜரியிலும் சென்னைப் புதுப்பேட்டையிலும் பழைய சாமான்களைத் தேடி எடுக்கும் கைகளில்தான் அவ்வறிவு இருக்கிறது. ஏட்டில் அதைப் பெரும்பாலும் காணமுடியாது.

அவ்வறிவுக்கும் ஓர் எல்லை வந்துவிட்டது. 1967-இல் பாஷ் கம்பெனி மின்னணு முறையில் பெட்ரோலைப் பீய்ச்சும் அமைப்பை வெளியிட்டது. பொறியைப் போலவே எரிபொருளும் கம்பியின் ஆட்சிக்கு வந்தது. கம்பிகள் மேலும் மேலும் பெருகவே, 1986-இல் அதே கம்பெனி, பல செய்திகளை இரண்டே கம்பிகளில் அனுப்பும் 'கான்' என்னும் முறையை அறிமுகம் செய்தது. நம் நாட்டுக் கார்களிலும், புகைக் கட்டுப்பாட்டு விதிகளின் காரணமாக, 2000-ஆம் ஆண்டை ஒட்டிக் கார்ப்பரேட்டர் விடைபெறத் தொடங்கியது. இத்தகைய எஞ்சினில், உணர்விகள் தரும் செய்தியைக்கொண்டு ஒரு கணிப்பொறிதான் பெட்ரோலையும் பொறியையும் அளந்து தருகிறது. அதன் வயரிங்கைக் கழற்றிவிட்டு, துண்டுக் கம்பிகளால் அதை எழுப்ப முடியாது. முன்பு உடலின் மேலிருந்த சேணம் இப்போது நரம்பாகிவிட்டது. நரம்பை அறுத்துவிட்டு உயிரைச் சோதிக்க இயலுமா?

இதற்காக வருந்த வேண்டியதில்லை. புகை குறைந்தது, பெட்ரோல் மிச்சமாயிற்று, மணிக்கட்டுகள் ஒடியவில்லை. மைக்கோவும் 2008-இல் பாஷ் லிமிடெட் என்று பெயர் மாறியது. ஆடுகோடியில் இரும்பு உருண்ட இடத்தில் 2022-இல் புதிய தொழில்நுட்ப வளாகம் திறக்கப்பட்டது. அவ்வளாகத்தின் பெயரிலும் 'ஸ்பார்க்', அதாவது பொறி என்னும் சொல்லை விடாமல் வைத்திருக்கிறார்கள்.

ஆயினும், கார்ப்பரேட்டர் காலத்து வண்டிகள் இன்னும் பல வீட்டுக் கொட்டகைகளில் தூசி படிந்து நிற்கின்றன. அவற்றின் விளக்கு எரியாமலிருக்கலாம், முட்கள் அசையாமலிருக்கலாம், வயரிங் பொடிந்து உதிரலாம். அவற்றைக்கொண்டு எஞ்சினை மதிப்பிட்டுவிடலாகாது. வெளியூரில் வாழும் நம்மவருள் யாருக்கேனும் ஊரில் அப்படி ஒரு வண்டி இருக்குமாயின், எடைக்குப் போடுமுன் தக்க மெக்கானிக் ஒருவரை அழைத்து, ஒரு பாட்டரியும் ஐந்து கம்பிகளும் கொண்டு அரைமணி நேரம் ஒதுக்குங்கள். எஞ்சின் எழுந்தால், மற்றவை கடையில் கிடைக்கும். எழாவிட்டால், மனக்குறையின்றி விடைகொடுக்கலாம்.